மேரி கிண்டிய லேகியம்

தோணிரேவில் இறால் தடவும் பெண்கள் காலை எட்டு மணி வாக்கில் பழவேற்காடு ஏரியில் இறங்குவார்கள். முட்டி போட்டு, கழுத்தளவு தண்ணீரில் நகர்ந்துகொண்டே, இரண்டு கைகளாலும் அடிச்சேற்றைத் தடவிப் போக வேண்டும். விரலில் துள்ளல் இடறியதும் அப்படியே அமுக்கிப் பிடித்து, பல்லில் கவ்வியிருக்கும் பறி என்னும் ஓலைக்கூடைக்குள் போட வேண்டும். வாயில் பறி இருப்பதால் தண்ணீருக்குள் பேச்சு கிடையாது. பேச்செல்லாம் கரையேறின பிறகுதான்.

லோகாம்பாள் பதினாறு வயதிலிருந்து இதைச் செய்கிறாள். இப்போது ஐம்பத்தொன்று. அவள் விரல்களுக்கு வெள்ளை இறால் எது, வரி இறால் எது, நண்டுக் கால் எது என்று பார்க்காமலே தெரியும். மாதவிலக்கு நின்று இரண்டு வருடமாகிறது. நின்ற சில மாதங்களிலேயே வெக்கை ஆரம்பித்துவிட்டது. நெஞ்சுக்குழியில் ஒரு கனல் பற்றும். அது கழுத்துக்கு ஏறி, காது மடல் சிவந்து, மயிர்க்கால் ஒவ்வொன்றிலும் வியர்வை பொடிக்கும். பிறகு சட்டென்று அடங்கி உடம்பு நடுங்கும். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை. அடுப்படியில் வந்தது, பஸ்ஸில் வந்தது, ஒரு நாள் ஏரிக்குள்ளேயே வந்தது. சுற்றிலும் தண்ணீர், நெற்றியில் மட்டும் வியர்வை வழிந்து கண்ணில் இறங்கியது. கையில் சிக்கிய இறாலை விட்டுவிட்டு, அடிச்சேற்றை அள்ளி மாரில் அப்பிக்கொண்டாள். சேறுதான் அந்த நேரத்துக்குக் குளிர்ச்சியாக இருந்தது.

கரையில் அவள் நாத்தனார் அம்பிகா பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"இன்னா அண்ணி, எருமை மாதிரி சேத்துல பொரள்ற?"

மற்ற பெண்களும் சிரித்தார்கள். லோகாம்பாளும் சிரித்து வைத்தாள். வேறு என்ன செய்வது?

வீட்டில் புருசன் மாணிக்கத்திடமும் சொல்ல முடியவில்லை. கெட்ட மனுசன் இல்லை. ஏரியில் வலை போட்டு வந்து, சாப்பிட்டு, வலையைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். நாளெல்லாம் பேசினால் பத்து வார்த்தை. இவள் தூக்கத்தில் திடீரென்று எழுந்து உட்காருவதும், ஃபேன் பக்கத்தில் போய் நிற்பதும், ஒன்றுமில்லாததற்கெல்லாம் எரிந்து விழுவதும் பார்த்து, ஒரு நாள் பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியே கொட்டகைக்குப் போய்விட்டார். கோபித்துக்கொண்டு போகவில்லை. "நீ ஃப்ரீயா படுமே" என்றுதான் சொன்னார். அதற்குப் பிறகு அங்கேயே படுத்துக்கொண்டார். மகன் தனசேகர் கும்மிடிப்பூண்டியில் கம்பெனி வேலை, அங்கேயே ரூம் எடுத்துத் தங்கியிருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வான். "நல்லா கீறியாம்மா?" என்று கேட்பான். "நல்லா கீறேன்" என்பாள்.

உண்மையில் இதைக் கண்டுபிடித்துக் கேட்டது மேரி ஒருத்திதான்.

மேரிக்கு ஐம்பத்தெட்டு வயதிருக்கும். மெட்ராஸில் ஒரு நர்சிங் ஹோமில் ஆயாவாகப் பன்னிரண்டு வருடம் இருந்தவள். புருசன் செத்த பிறகு ஊருக்குத் திரும்பி, கோயில் தெருக் கோடியில் ஒண்டியாக இருந்தாள். அவளும் இறால் தடவ வருவாள். அன்றைக்கு மற்றவர்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, லோகாம்பாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எத்தினி மாசமா கீது லோகா?"

"எதுக்கா?"

"வெக்க."

லோகாம்பாள் நிமிர்ந்து பார்த்தாள். "ஒன்றரை வருசமாக்கா. எப்பிடிக்கா தெரியும்?"

"நான் படாததா? எனக்கு நாப்பத்தியெட்டுல வந்துச்சு. ஐஸ் பொட்டிய தொறந்து அதுல மூஞ்ச வெச்சுக்குவேன். நர்சுங்கல்லாம் என்ன பைத்தியம்னு சொல்லுவாளுங்கோ." மேரி முந்தானையைப் பிழிந்தாள். "தூக்கம் வருதா?"

"இல்லக்கா."

"அழுவாச்சி?"

லோகாம்பாள் பதில் சொல்வதற்குள் அழுதுவிட்டாள்.

அன்றிலிருந்து இருவரும் ஜோடியாகத்தான் ஏரியில் இறங்கினார்கள். கரையேறியதும் மேரி தூக்கில் கொண்டு வந்த கேழ்வரகுக் கூழும், சுட்ட மடவைக் கருவாடும் பகிர்ந்து கொள்வார்கள். வெந்தயத் தண்ணீர், சீரகத் தண்ணீர், வெறும் வயிற்றில் கற்றாழைச் சோறு என்று மேரி சொன்னதையெல்லாம் லோகாம்பாள் செய்து பார்த்தாள். வாய் கசந்ததுதான் மிச்சம். பிறகு மேரி லேகியம் கிண்டினாள். தண்ணீர்விட்டான் கிழங்கு, கறுப்பு எள்ளு, அசோகப்பட்டைப் பொடி, சுக்கு, கருப்பட்டி, நெய். காலையில் நெல்லிக்காய் அளவு ஓர் உருண்டை. ஒரு மாதம் தின்றும் ஒன்றும் ஆகவில்லை.

"என்னால முடியலக்கா" என்று லோகாம்பாள் கரையில் உட்கார்ந்து விம்மினாள். "இந்த ஏரியிலயே அப்பிடியே முழுகிடலாமானு கீது."

மேரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "அடுத்த தபா வேற மாதிரி கிண்டறேன். ரவ ஸ்ட்ராங்கா."

புது லேகியம் ஆரம்பித்து இரண்டு வாரத்தில் வெக்கை பாதியாகக் குறைந்தது. ஒரு மாதத்தில் நின்றே போனது. லோகாம்பாள் விடியும் வரை ஒரே மூச்சில் தூங்கினாள். எரிச்சல் போயிற்று. முட்டி வலி விட்டது. இறால் குழம்பில் உப்பு சரியாக விழுந்தது. ஒரு நாள் வாசலில் உட்கார்ந்து தலை சீவும்போது பாட்டு முணுமுணுத்தாள் போலிருக்கிறது. மாணிக்கம் வலையிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். பொன்னேரிக்குப் போய் வந்த ஒரு நாள் இரண்டு முழம் மல்லிகை வாங்கி வந்து, எதுவும் சொல்லாமல் பாத்திரக் கூடை மேல் வைத்தார். அந்த வாரமே பாயும் உள்ளே வந்துவிட்டது.

லோகாம்பாள் குணமானதைப் பார்த்து வேறு சிலரும் மேரியைத் தேடி வந்தார்கள். பழவேற்காட்டு மார்க்கெட்டில் மீன் விற்கும் சுதா ஒருத்தி. உள்ளே வயக்காட்டு ஊரில், நெல் பயிரிடும் வீட்டு ஜமுனா ஒருத்தி. இரண்டு வீடுகளுக்கும் லேகிய டப்பாவை எடுத்துக்கொண்டு மேரியும் லோகாம்பாளும் சேர்ந்தே போவார்கள். "எங்க லோகாவ பாரு, எப்பிடி கீறானு" என்று மேரி இவள் தோளைத் தட்டிக் காட்டுவாள்.

இப்படி எட்டு மாதம் போனது.

ஆவணியில் ஒரு நாள் லோகாம்பாளுக்கு இரத்தம் பட்டது. முதலில் பயந்தாள். பிறகு என்னவோ ஒரு வெட்கம் கலந்த சந்தோஷம் வந்தது. நின்றது திரும்பி வந்திருக்கிறது, உடம்பு பின்னால் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டாள். அன்று தலைக்குக் குளித்து, கண்ணாடியில் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மேரியிடம்கூடச் சொல்லவில்லை. சந்தோஷத்தைக் கொஞ்ச நாள் தன்னிடமே வைத்திருக்கலாம் என்று தோன்றியது.

ஆனால் அது ஐந்து நாளில் நிற்கவில்லை. பன்னிரண்டு நாள் ஓடியது. நாலு நாள் விட்டு மறுபடி வந்தது, கட்டி கட்டியாக. ஏரியில் இறங்க முடியவில்லை. ஒரு மதியம் அடுப்படியில் தலை சுற்றி உட்கார்ந்தவளை அம்பிகா வந்து பார்த்தாள். புடவையைப் பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது.

"அண்ணி, இந்த வயசுல இது வரக் கூடாது. எங்க பெரிம்மாவுக்கு இப்பிடித்தான் ஆரம்பிச்சுது. புத்துனு சொன்னாங்கோ. நாளைக்கே பொன்னேரிக்கு போ."

மறுநாள் மாணிக்கத்திடம் சுகர் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு லோகாம்பாள் பஸ் ஏறினாள். அம்பிகாவுக்கு அன்று வீட்டில் ஆள் வந்திருந்தார்கள். மேரியைக் கூப்பிடலாம் என்று கோயில் தெரு வரை போனவள், ஏனோ திரும்பிவிட்டாள். ஒண்டியாகவே போனாள்.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். ஆர்த்தி என்று மேஜையில் பெயர் இருந்தது. ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"உக்காருங்கம்மா. கர்ப்பப்பை உள்வரி ரொம்பத் தடிச்சிருக்கு. நீங்க ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா? ஹார்மோன் மாத்திரை?"

"இல்லைங்க டாக்டரம்மா. மாத்திரையே கெடையாது. லேகியம்தான்."

"என்ன லேகியம்?"

லோகாம்பாள் சொன்னாள். டாக்டர் கவனமாகக் கேட்டார்.

"வெக்கை எவ்வளவு நாள்ல நின்னுது?"

"ஒரு மாசத்துல சுத்தமா நின்னுச்சுங்க."

"கிழங்கும் எள்ளும் அவ்வளவு பண்ணாதும்மா. கொஞ்சம் பேருக்குக் கொஞ்சம் சுகம் தெரியலாம், அவ்வளவுதான். அதுல மாத்திரையைப் பொடி பண்ணிக் கலந்திருக்காங்கன்னு நெனைக்கிறேன். யார் குடுத்தாங்க?"

லோகாம்பாள் தரையைப் பார்த்தாள். அங்கே ஒரு பஞ்சு உருண்டை கிடந்தது.

"பஸ்ஸுல ஒரு பொம்பள விப்பாங்கோ. பேரு தெரியாது."

டாக்டர் நம்பாத பார்வை பார்த்தார். ஆனால் அதற்கு மேல் கேட்கவில்லை. "ஹார்மோன் மாத்திரை விஷம் இல்லம்மா. வெக்கைக்கு அதுதான் நல்ல மருந்து. ஆனா கர்ப்பப்பை இருக்கிறவங்களுக்கு ரெண்டு மருந்து சேத்துத் தரணும். ஒண்ணு மட்டும் குடுத்தா உள்வரி வளந்துகிட்டே போகும். அப்படியே விட்டா புத்தாகவும் மாறலாம். உங்களுக்கு எந்த நெலமைன்னு சதை எடுத்து அனுப்பினாத்தான் தெரியும். ரெண்டு மூணு வாரம் ஆகும். அதுவரைக்கும் அந்த லேகியத்தைத் தொடாதீங்க."

பஸ்ஸில் வரும்போது வழியெல்லாம் அவள் ஒரே ஒரு விஷயத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். ரவ ஸ்ட்ராங்கா என்று மேரி சொன்னாளே.

மேரி வீட்டு வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். லோகாம்பாள் நின்றபடியே கேட்டாள்.

"லேகியத்துல இன்னாக்கா போட்ட?"

மேரியின் கத்தி நின்றது. "ஏன்? இன்னாச்சு?"

"ஒரு மாசமா ரத்தம் போவுது. பொன்னேரில சதை எடுத்து அனுப்பிக்கிறாங்கோ. இன்னா போட்டக்கா?"

மேரி எழுந்து கையைக் கழுவினாள். உள்ளே போய் ஒரு பழைய துணிப்பையைக் கொண்டு வந்து பிரித்தாள். கசங்கிய மருந்துச் சீட்டு ஒன்றும், மாத்திரை அட்டைகளும் இருந்தன.

"எனக்கு எங்க நர்சிங் ஹோம் டாக்டரு எழுதிக் குடுத்தது. பத்து வருசமா அப்பப்போ துன்றேன். எனக்கு நல்லாத்தான் கீது லோகா. மெய்யாலுமே சொல்றேன், நல்லாத்தான் கீது."

"ஒனக்கு கர்ப்பப்பை கீதா?"

மேரி விழித்தாள். "அத்த அப்பவே எடுத்துட்டாங்களே. கட்டினு எடுத்தாங்கோ."

"அதான்க்கா. அது இல்லாதவங்களுக்குத்தான் அந்த ஒண்டி மாத்திரை. கீறவங்களுக்கு வேற ஒண்ணும் சேக்கணுமாம்."

மேரி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். ஈக்கள் மீன் மேல் மொய்த்தன. இரண்டு பேரும் விரட்டவில்லை.

"அத்த யாரும் எனக்கு சொல்லலியே" என்றாள் மேரி. "மொதல்ல வெறும் கெழங்குதான் போட்டேன். நீ ஏரியில முழுகிடறேன்னு அழுத. அன்னிக்குப் பூரா எனக்கு மனசே இல்ல. மாத்திரைன்னா நீ துன்ன மாட்ட, இங்கிலீஷ் மருந்து சூடுனுவ. அதான் பொடி பண்ணிப் போட்டேன். நீ சிரிச்ச லோகா. ரெண்டு வாரத்துல சிரிச்ச."

லோகாம்பாளுக்குக் கத்த வேண்டும் போல் இருந்தது. "சுதாவுக்கும் ஜமுனாவுக்கும்?"

"அதே தான்."

"போய் சொல்லிட்டு வாக்கா. இன்னிக்கே சொல்லு."

"ஊர்ல கூட்டம் போட்டு என்ன நிக்க வெச்சு கேப்பாங்கோ. சுதா வூட்டுக்காரன் அடிக்கவே வருவான்."

"வந்தா நானும் பக்கத்துல நிக்கறேன். சொல்லு."

மேரி சரி என்று தலையை ஆட்டினாள். ஆனால் மறுநாள் காலை லோகாம்பாள் கோயில் தெருவுக்குப் போனபோது கதவு பூட்டியிருந்தது. எண்ணூரில் தங்கை வீட்டுக்குப் போயிருப்பதாக எதிர்வீட்டில் சொன்னார்கள். எப்போது வருவாள் என்று சொல்லவில்லையாம்.

லேகியத்தை நிறுத்திய பத்தாம் நாள் வெக்கை திரும்பி வந்தது, முன்பைவிட மூர்க்கமாக. அடுக்கில் அரை டப்பா லேகியம் இருந்தது. ஒரு மதியம் அதை எடுத்து மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். கருப்பட்டியும் நெய்யும் சுக்கும் மணத்தன. ஒரே ஓர் உருண்டை, இன்று மட்டும் என்று விரல் உள்ளே போனது. பிறகு டப்பாவை எடுத்துக்கொண்டு போய், வீட்டுப் பின்னால் குழி தோண்டிக் கொட்டி, மண்ணைத் தள்ளி மிதித்தாள். மிதித்துக்கொண்டே இருந்தாள். அந்த வாரம் மாணிக்கம் மறுபடி பாயை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார். அவள் தடுக்கவில்லை.

மேரி வருவாள் வருவாள் என்று பார்த்தது வீண். கடைசியில் லோகாம்பாளே கிளம்பினாள். முதலில் மார்க்கெட்டுக்குப் போனாள். சுதா விஷயத்தைக் கேட்டதும் வாயில் வந்தபடி மேரியைத் திட்டினாள். பக்கத்துக் கடைப் பெண்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். லோகாம்பாள் தன் இரத்தப்போக்கைப் பற்றி அத்தனை பேர் நடுவில் சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் சுதா பயந்தவள், மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்து, ஒன்றுமில்லை என்று தெரிந்துகொண்டாள்.

ஜமுனா வேறு மாதிரி. நெல் காயப் போட்டிருந்த களத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நான் நிறுத்த மாட்டேன்" என்றாள்.

"ஜமுனா, உள்ள கெட்டுப் போவுமாம்மே."

"போவட்டும். ஒனக்குத் தெரியாது. நாலு வருசம் நான் இந்த வூட்டுல பேய் மாதிரி இருந்தேன். எம் மருமவ புள்ளய எங்கிட்ட குடுக்க பயப்படுவா, கத்துவேன்னு. இப்பத்தான் மனுசியா கீறேன். அத்த வாங்கிகினு போவ வந்தியா?"

"எனக்குத் தெரியாதா?" என்றாள் லோகாம்பாள். அதற்குள் அவள் நெஞ்சில் கனல் பற்றி மேலே ஏறியது. முகம் சிவந்து வியர்வை முத்து முத்தாக வழிந்தது. முந்தானையால் துடைக்காமல் அப்படியே நின்றாள். ஜமுனா அதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நிறுத்திட்டியா?"

"பதினேழு நாளாச்சு."

ஜமுனா நெல்லைக் காலால் கிளறிவிட்டாள். கோழி ஒன்று ஓடி வந்தது.

"மாத்திரை கெட்டது இல்லியாம்" என்றாள் லோகாம்பாள். "ரெண்டா சேத்து, பாத்துப் பாத்துக் குடுக்கணுமாம். ஒனக்கு டாக்டரம்மா சரியா குடுப்பாங்கோ. புதன்கெழம எனக்கு ரிசல்ட்டு. நீயும் வா. எங்கூட யாரும் இல்ல."

கடைசி வார்த்தை தன்னையறியாமல் வந்துவிட்டது.

புதன்கிழமை ஜமுனா வந்தாள். ஆஸ்பத்திரியில் வரிசை நீளமாக இருந்தது. டாக்டர் ரிசல்ட்டைப் படித்துவிட்டு நிமிர்ந்தபோது, லோகாம்பாளுக்குத் தன் காதுகள் அடைத்துக்கொண்டது போலிருந்தது.

"புத்து இல்லம்மா. உள்வரி வளந்திருக்கு, ஆனா செல்லெல்லாம் கெட்டுப் போகல. ஆறு மாசம் மாத்திரை தரேன், அது உள்வரியைக் கரைக்கும். அப்பறம் மறுபடி சதை எடுத்துப் பாக்கணும்."

"வெக்கைக்கு?"

"இந்த மாத்திரையிலயே ஓரளவு கொறையலாம். முழுசாப் போகாது. மத்த மருந்து, உள்ள சரியான அப்பறம் பாக்கலாம். கொஞ்சம் பொறுத்துக்கணும்."

ஜமுனாவுக்கு ஸ்கேன் எடுத்தார்கள். லேசாகத் தடித்திருந்தது. லேகியத்தை நிறுத்தச் சொல்லி, மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார்கள். எல்லாம் சரியாக இருந்தால் முறைப்படி மருந்து தருவதாகவும் சொன்னார்கள். ஜமுனா அழவில்லை, சண்டையும் போடவில்லை. வெளியே வந்ததும், "மூணு மாசம்" என்று மட்டும் சொன்னாள். அவள் ஊருக்கு வேறு பஸ். அது முதலில் வந்தது. ஏறிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

பழவேற்காடு பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. லோகாம்பாள் ஸ்டாண்டில் ஒரு தூணோரம் உட்கார்ந்தாள். மாணிக்கத்துக்குப் போன் செய்தாள்.

"புத்து இல்லியாம்" என்றாள்.

"இன்னா புத்து?" என்றார் அவர். பின்னால் மோட்டார் சத்தம் கேட்டது. "சுகருதான பாக்கப் போன?"

"ஆமாம். சுகரு இல்லியாம். வந்து சொல்றேன்" என்று வைத்தாள்.

பிறகு மேரியின் எண்ணைத் தேடினாள். இந்த மூன்று வாரத்தில் எத்தனையோ தடவை அடித்தும் எடுக்காத எண். இன்று ஐந்தாவது மணியில் மேரி எடுத்தாள். மூச்சு மட்டும் கேட்டது.

"நான்தான்க்கா. ரிசல்ட்டு வந்துச்சு. புத்து இல்ல."

அந்தப் பக்கம் ஒரு கேவல் கேட்டு அடங்கியது.

"சுதாவுக்கும் ஒண்ணும் இல்ல. ஜமுனா மூணு மாசம் கழிச்சு வரணும். அவ்ளோதான்."

மேரி மன்னிப்புக் கேட்பாள் என்று லோகாம்பாள் எதிர்பார்த்தாள். அதற்கு என்ன பதில் சொல்வது என்று நாலைந்து நாளாக யோசித்தும் வைத்திருந்தாள். உன்னால்தான் எல்லாம் என்று ஒரு பதில். வந்துவிடு என்று இன்னொரு பதில். எது வாயில் வருமோ என்று அவளுக்கே தெரியவில்லை.

மேரி கேட்டாள்: "வெக்க மறுபடி வருதா லோகா?"

இந்த மூன்று வாரத்தில் யாரும் அதைக் கேட்கவில்லை. லோகாம்பாள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"வருதுக்கா."

"எத்தினி தபா?"

"பதினஞ்சு. சில நாளு இன்னும் ஜாஸ்தி."

"தூக்கம்?"

"இல்லக்கா."

பழவேற்காடு பஸ் வந்து நின்றது. கண்டக்டர் ஊர்ப் பெயரைக் கூவினார். ஆட்கள் முட்டிக்கொண்டு ஏறினார்கள். லோகாம்பாள் எழுந்திருக்கவில்லை.

"சொல்லு" என்றாள் மேரி.

லோகாம்பாள் சொல்ல ஆரம்பித்தாள். பஸ் போனது.